க்ளெனிஸ் சொல்லாத 'வேண்டாம்'

ஜனவரி 14, ஞாயிறு

வெட்கக்கேடு. பனிச்சறுக்குக் கட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டேன். போய் எடுத்து வந்ததில் ஒரு மணி நேரம் போனது. க்ளெனிஸின் புருஷன் ஆரின் விடுவாரா? "ஹெட்டி, காலை எடுத்துட்டு வந்தியா? அதையும் ஒருதரம் பாத்துக்கோ."

சரிவில் பனி தாங்குமா, சரியுமா என்று பார்க்க, முகட்டுக்குக் கீழே க்ளெனிஸ் குழி தோண்டினாள். பனியைத் தூணாக அறுத்து, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டால் தட்டினாள். மூன்றாம் தட்டிலேயே மேலடுக்கு பலகை மாதிரி நழுவியது. "வேண்டாம்டீ," என்றாள்.

எங்கள் மூவருக்கும் ஒரு விதி. ஒருவர் வேண்டாம் என்றால் மூவரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "அவ்வளவு தோண்டினியே, ஒரு உருளைக்கிழங்காவது கெடச்சுதாடீ?"

ஜனவரி 17

பாரில் எல்லோரிடமும் சொன்னேன். அவள் பெயரே இப்போது கிழங்குக்காரி. அவளும் சிரித்தாள். கொஞ்சமாக.

ஜனவரி 20

இரண்டு நாளாக மேற்குக் காற்று. முகட்டில் பனி புகையாகப் பறக்கிறது. அத்தனையும் கிழக்குச் சரிவில்தான் குவியும்; அப்படிக் குவிந்தது லேசில் சரியும். எனக்குத் தெரியாதா?

ஜனவரி 21, ஞாயிறு

கிழக்குச் சரிவு. காற்று கொட்டிய பனி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. மிதித்தால் உள்ளே 'டொம்'. க்ளெனிஸின் கட்டை முனையிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். மண்வாரியை எடுக்க முதுகுப்பைக்குக் கை போனது.

நான் — "கிழங்கு சீசன் வந்தாச்சு!"

கையை எடுத்துவிட்டாள். "சரி, போலாம் போ." முதலில் இறங்கியதும் அவள்தான்.

சரிவு முழுதும் உடைந்து அவளை மூடியது.

அவள் மார்பில் கட்டியிருந்த சமிக்ஞைக் கருவியின் பீப் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தேடினோம். ஒன்றரை மீட்டர் ஆழம். பதினெட்டு நிமிடம் தோண்டினோம், நானும் ஆரினும். மூச்சு இல்லை.

ஜனவரி 22

ஏன்டீ சொல்லல? ஒரே ஒரு வார்த்தைதானே. யாருடீ காரணம் கேட்டிருப்பா?

கேட்டிருக்க மாட்டேன். சிரிச்சிருப்பேன்.

ஜனவரி 24

அடக்கம் முடிந்தது.

ஜனவரி 27, சனி

ஆரினுக்கு மாட்டிறைச்சி சூப் கொண்டுபோனேன். வாசற்படியில் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்தேன். சட்டி மூன்று துண்டு. முழங்கை வீங்கிவிட்டது. ஆரின் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே போய், பனி உருக உப்பு கொண்டுவந்து படியில் தூவினார். நாய் இறைச்சியைத் தின்றது. கேரட்டை விட்டுவிட்டது.