இரண்டு திருகு போட்ட மூடி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. சுகம் என்று எழுதினால் பாதி பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா? இங்கே மூன்று நாளாக மழை, சமையலறைக் கூரை வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது, வழக்கமான பாத்திரத்தையே வைத்திருக்கிறேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன். சமையலும் நடக்கிறது, ஒருநாள் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு தடவை விழுந்திருக்கும், குறை சொல்ல ஆளில்லாததால் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இப்போது எழுதப் போவதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் நீ "பரவாயில்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேனோ என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் அம்மாவின் சின்னத் தோட்ட டிராக்டரை யாருக்காவது தள்ளிவிடச் சொன்னாய் அல்லவா, சொன்னபடி பழைய இரும்புக்காரரை வரச் சொன்னேன். அவர் கொடியை அறுத்து, மேலே மூடியிருந்த தகரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கயிறு கட்ட இடம் தேடும்போது கைவாக்கில் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். அது சுற்றியது. "என்ன சார், செத்துக் கெடக்குன்னீங்க, கையாலயே சுத்துதே" என்றார். பதினொரு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த இன்ஜின் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும், அச்சகத்தில் முப்பது வருஷம் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா. தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நம் மெக்கானிக் 'அவசரம்' ஞாபகம் இருக்கிறாரா, சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கேட்டாலும் நாளைக்கு வா என்பாரே, அதற்காக நீ வைத்த பெயர்தான் இன்னும் தெருவில் நிற்கிறது. ஆள் அனுப்பிப் பத்து நாள் கழித்து வந்தார், ஆனால் வந்த பிறகு ஆறு வாரம் விடாமல் வந்தார். இருவருமாகக் கொட்டகைக்குள் தள்ளி வந்தோம். சீட்டுக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. பெட்ரோல் டேங்கில் மண்ணெண்ணெயும் ஒரு பிடி ஜல்லியும் போட்டு நானும் அவரும் மாற்றி மாற்றிக் குலுக்கினோம், துரு செந்தண்ணீராக வந்துகொண்டே இருந்தது, மூன்று நாள் எனக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை. டயர் இரண்டு மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினோம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல்நாள் பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டவர், வெளியே எடுத்து என்னிடம் காட்டினார், விரல் நுனியில் சுத்தமான எண்ணெய். இது யார் வேலை என்று கேட்டேன். கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், "அம்மாதான் சார். மழைக்கு முன்னாடி ஒரு தடவ, மழைக்குப் பின்னாடி ஒரு தடவ, ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டுக் கையால சுத்தி வைப்பாங்க. சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றார். வருஷம் தவறாமல் செய்திருக்கிறாள். அதே வீட்டில்தான் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி என் சங்கதி. அந்த வண்டி கெட்டுப்போகவே இல்லை, அம்மாடி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா சாக்கடைப் பக்கத்துச் சரிவில் ஓட்டிக்கொண்டிருந்தாள், சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. வண்டி கவிழவில்லை, தானாகவே உட்கார்ந்துவிட்டது, அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மதியம் வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. அன்று சாயங்காலம் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திருகு போட்ட சின்ன மூடியைத் திறந்து, உள்ளே பொறி வரவைக்கும் பாயிண்ட்டைக் கழற்றி, அச்சு மை வந்த பழைய டப்பாவில் ஒளித்து வைத்தேன். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். இன்ஜின் போய்விட்டது, இனி அதற்கு உயிர் வராது என்று அவளிடம் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டில் இயந்திரத்தில் நான் சொல்வது முடிவு, மண்ணில் அவள் சொல்வது முடிவு, கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஒப்பந்தம். எந்தச் செடி எங்கே என்று நான் வாயைத் திறந்ததில்லை, தையல் மிஷினில் நூல் சிக்கினால்கூட நான் வரும்வரை அவள் கைவைத்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். பயத்தில் செய்தேன், பயம் தெளிந்த பிறகு வெட்கத்தில் மறைத்தேன், அப்புறம் அது பழகிவிட்டது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டுபோய் மெக்கானிக் முன்னால் நீட்டினேன், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. அந்த வருஷமே அம்மா அவரைக் கூப்பிட்டிருக்கிறாள், நான் அச்சகம் போயிருந்த நேரம். அவர் மூடியைத் திறந்து பாயிண்ட் இல்லாததைக் காட்டியிருக்கிறார், மறுநாளே (அவசரம் மறுநாளே வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் போலிருக்கிறது) புதிது வாங்கி வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்திருக்கிறார். அம்மா பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வேண்டாம், எடுத்தவரே திருப்பி மாட்டட்டும். மெஷின் அவரோடது" என்றாளாம். என்னிடம் இதைப் பற்றி அவர் பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டாளாம். அவர் கைகாட்டியதும் சீட்டுக்கடியில் இருந்த சாமான் பெட்டியைத் திறந்தேன். பொட்டலம் அங்கேயே இருந்தது, பிரிக்காமல், பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு. அவளுடைய முடிச்சு.

ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முன்னால் என்னிடம் வந்து, "அந்த வண்டிய ஒரு தடவ பாக்குறீங்களா?" என்று கேட்பாள். நான் தலையைத் தூக்காமல் "அது போச்சு, விடு" என்பேன். சரி என்று போய்விடுவாள். அறியாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துத் தடவை எனக்கு வழிவிட்டிருக்கிறாள், நான்தான் பிடித்துக்கொள்ளவில்லை.

அவள் விழுவதற்கு முந்தின வாரம் நீ போனில் அவளைத் திட்டினாய், "ஏம்மா இந்த முட்டிய வச்சுக்கிட்டு மண்ணக் கொத்துற, பிடிவாதமா?" என்று. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழகிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நீ வந்து, பிடிவாதமே அவளைக் கொண்டுபோய்விட்டது என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையில் இருந்திருந்தாலும் அந்த இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார், அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அவரைக்காய்ப் பாத்தியில் மண்வெட்டியோடு கிடந்தவளை நான்தானே தூக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. புதுப் பொட்டலத்தைத் தொடவில்லை, டப்பாவில் இருந்த பழையதையே மாட்டினேன். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். இரண்டு திருகுதான், என் கைக்கு அரைமணி நேரம் பிடித்தது. நாலாவது தடவையில் இன்ஜின் பிடித்தது, கொட்டகை முழுக்கப் புகை. உட்காருங்க சார் என்றார், உட்கார்ந்தேன். சீட்டு அம்மாவின் கால் அளவுக்கு முன்னால் தள்ளியே இருந்தது, என் முழங்கால் போய் இடித்தது, நகர்த்த மனம் வரவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டுச் சொன்னேன், "பாத்துட்டேன், ஓடுது" என்று.

உன் அம்மா பிடிவாதக்காரி இல்லை. இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதே, குட்டி வளர்ந்து கேட்டால் அவனிடமும் நடந்ததையே சொல். எனக்குப் பதில் எழுத அவசரப்பட வேண்டாம், கோபம் வந்தால் வரட்டும், அதை அடக்கிக்கொண்டு எழுதாதே. முதுகுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொள், கனமானதை நீயே தூக்காதே, மாப்பிள்ளையைக் கூப்பிடு. நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நீடூழி வாழ வேண்டும்.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை உன்னிடம் சொல்லும்
அப்பா