சீட்டின் இரண்டாவது வரி

3 மார்ச், ஞாயிறு

ஸ்ஃபாக்ஸ் நகரின் சிரிப்புச் சக்கரவர்த்தியாகிய நான், துஹாமி, வயது அறுபது, இன்று மறுபடி முடிசூடினேன். தங்கை நஸீஹா வீட்டு விருந்து. ரொட்டிக் கூடைக்கு அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. அவளுக்குப் பிரெஞ்சு படிக்க வராதென்று அரபியில் எழுதித் தந்திருக்கிறார்கள். முதல் வரி: நஸீஹா, ஹாமில.

கர்ப்பிணிக்கும் அந்தச் சொல்தான், எதையாவது சுமப்பவளுக்கும் அந்தச் சொல்தான். விடுவேனா? நாற்காலி மேல் ஏறினேன்.

"மகாஜனங்களே! ஐம்பத்தி நாலு வயசு, புருஷன் போய் ஆறு வருஷம், நம்ம நஸீஹா முழுகாம இருக்கா!"

தம்பி ரிதா வாய் நிறைய மீன் குஸ்குஸோடு சிரித்தான். ஒரு பருக்கையாவது மால்ட்டாவில் போய் விழுந்திருக்கும். "அதான் படியேறினா அப்படி மூச்சு வாங்குதா!"

நஸீஹா சீட்டைப் பிடுங்கி மடியில் மறைத்துக்கொண்டாள்.

5 மார்ச்

சந்தையில் மீன்காரனே வாழ்த்துச் சொன்னான். என் புகழ் கடல் தாண்டும்.

14 மார்ச்

நஸீஹா வெளியே வருவதே இல்லையாம். கோபம். ஆறிவிடும்.

17 மார்ச், ஞாயிறு

விருந்து இல்லை. அவள் மகள் ஸொந்தஸ் வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, அன்வருக்கு இருந்த தசை நோய் அம்மா ரத்தத்துலேர்ந்து வந்தது. அதைச் சுமக்கறவங்கன்னுதான் அந்தச் சீட்டு. அது சுமக்கிறவங்க இதயத்தையும் பிடிக்குமாம். படம் எடுக்கணும், பன்னண்டாம் தேதி வாங்கன்னாங்க. அம்மா போகல. தெருவே வயித்தைப் பார்த்துச் சிரிக்குதாம்."

அன்வர், நஸீஹாவின் மகன். பத்து வயதில் நடை நின்றது. பத்தொன்பதில் இதயம் நின்றது. நடுவில் ஒன்பது வருடம், மூன்று மாடி, அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவள் அவள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? முதல் வரிதானே படிச்சேன்" என்றேன்.

18 மார்ச்

பொய்.

இரண்டாவது வரியும் கண்ணில் பட்டது. 'இதயத்தை உடனே பரிசோதிக்க வேண்டும்.' படித்தேன். ஆனால் கேலி நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது. விழுங்க மனசில்லை. ஒரே ஒரு சிரிப்புக்காக — த்தூ, நீயெல்லாம் ஒரு அண்ணனாடா?

24 மார்ச், ஞாயிறு

எல்லாரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாற்காலியில் ஏறவில்லை, தரையில் நின்றே சொன்னேன்: "அவ வயித்துல ஒண்ணும் இல்ல. இதயத்துலதான் நோய் இருக்கும் போல. சீட்டுல போட்டிருந்தது. படிச்சிட்டும் மறைச்சேன்."

ரிதா கைதட்டினான். "அடடா, கண்ணுல தண்ணியே வருது பாரு! அண்ணன் அண்ணன்தான்!"

திமிங்கிலத்துக்குப் பல் பிடுங்கினேன், ஒட்டகத்துக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் — முப்பது வருடப் புளுகுகள் அத்தனையும் வரிசையில் நின்று என் வாயைப் பொத்தின. மறுபடி சொன்னேன். மறுபடியும். நாலாவது தடவை ரிதா கரண்டியைக் கீழே வைத்தான்.

"நெசமாவா அண்ணா?"

யாரும் சாப்பிடவில்லை.

25 மார்ச்

நஸீஹா கதவைத் திறக்கவில்லை. கதவிடமே எல்லாம் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரே கேள்வி.

"படிச்சிட்டுமா அண்ணா?"

"ஆமா."

அப்புறம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதைத்தான் நாங்கள் ரயில் என்று கேலி செய்வோம்.

26, 27, 28 மார்ச்

மூன்று மாடி. மூடிய கதவு. வெறுங்கையோடு ஏறியே எனக்கு முழங்கால் கழன்றது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு...

29 மார்ச்

திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. பாதமும்.

"உன்னை மன்னிக்கல. ஆஸ்பத்திரிக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

ரிதாவே ஓட்டினான். படம் எடுக்க அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

11 ஏப்ரல்

இதயப் பிரிவு. எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸ் வந்து சத்தமாகக் கேட்டாள்: "ஹாமில யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க!"

என் காது இரண்டும் தீப்பிடித்தன. தரை பிளந்து என்னை விழுங்கக் கூடாதா?

நஸீஹா கை தூக்கினாள்.

"நான்தாம்மா. வயித்துல இல்ல. பொறந்ததுலேர்ந்து சுமக்கிறேன். எங்க அண்ணனுக்குத்தான் போன மாசம் தெரிஞ்சுது."

கூடமே சிரித்தது. இப்படிச் சிரிக்க வைக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இதயம் பாதி பலத்தில்தான் அடிக்கிறதாம். ஆயுள் முழுக்க மாத்திரை. மாடி கூடாது. தரைத்தளத்தில் அவளுக்கொரு வீடு நான் தேடுகிறேன். அவளும் சுமக்கிறாளா என்று பார்க்க ஸொந்தஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டர் சீட்டு நீட்டினார். நஸீஹா அதை வாங்கி என் கையில் வைத்தாள்.

"படி. எல்லா வரியும்."

படித்தேன்.