உள்ளங்கை அளவு இடம்

எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிய என் அப்பாவுக்கு,

அம்மா நலம். அண்ணன் நலம். நானும் இருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு முதல் திதி.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வானொலி கேட்பதை விட்ட பிறகு நீங்கள் அந்தப் பத்திரிகையைத்தான் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, விரல் வைத்து, முதல் பக்கம் வரை படிப்பீர்கள். மறைந்தவர்களின் படம் வரும் பக்கத்தில் விரல் கொஞ்ச நேரம் நிற்கும். "நல்ல மூஞ்சி, பாவம்" என்பீர்கள்.

எனக்கு வாய்விட்டுப் பேச வராது. என் குரல் எனக்கே பாதிதான் கேட்கும். உங்களுக்கு அந்தப் பாதியும் கேட்காது. எழுதிக் காட்டியிருந்தால் நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நீங்கள் இருந்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை அப்பா?

உங்கள் சின்ன டிராக்டரை இப்போது அண்ணன்தான் ஓட்டுகிறான். தோட்டத்துப் பெரிய டிராக்டர்களுக்குக்கூடக் கேபின் இல்லை. செம்பனை மரங்களின் வரிசைகளுக்குள் புகுந்து, எண்ணெய்க்காக வெட்டிய பழக்குலைகளை ஏற்றும் உங்கள் வண்டிக்கு மட்டும், மழைக்காக, பட்டறையில் நான்கு இரும்புத் தூண் நட்டுத் தகரம் அடித்து ஓர் அறையைக் கட்டிக் கொடுத்தார்கள். "ஏர்கண்டிஷன் வண்டி" என்று எல்லாரும் கேலி செய்தார்கள். மழை உள்ளே வரவில்லை. சத்தம் வெளியே போகவில்லை. அந்தத் தகரப் பெட்டிக்குள் எஞ்சினோடு எஞ்சினாக எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரசம் ஊத்தவா அண்ணே?"

"ஆ?"

"ரசம்."

"ஆ?"

மூன்றாம் தடவை கேட்டபோது அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஊற்றினேன். அவன் தட்டில் ஏற்கெனவே மோர் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் தலையாட்டிவிட்டான். அந்தத் தலையாட்டல் உங்களுடையது அப்பா. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணன் மோரும் ரசமும் கலந்த சோற்றை அப்படியே சாப்பிட்டு எழுந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான்.

நான் சுங்கை காடுட்டில் காருக்குள் போடும் ரப்பர் மிதியடி செய்கிற தொழிற்சாலைக்குப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மெஷின் பக்கம் நிற்பவர்களுக்குக் காதில் வைக்க மஞ்சள் நிறத்தில் ஸ்பாஞ்சு உருண்டை கொடுப்பார்கள். இரண்டு கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தேன். அவன் வைத்துப் பார்த்தான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எடுடா அத. எடு மொதல்ல."

"பஞ்சு இல்லமா, இது ஸ்பாஞ்சு" என்றேன்.

"என்னா எழவா வேணாலும் இருக்கட்டும். இப்பதான் ஒருத்தருக்கு மூக்குலயும் காதுலயும் வச்சு அனுப்புனேன். உசுரோட இருக்கறவன் காதுல ஒண்ணும் வைக்கக் கூடாது."

அண்ணன் எடுத்துவிட்டான். காதை அடைக்க முடியாது என்றால் சத்தத்தைத்தான் அடைக்க வேண்டும் என்று மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் வெட்டியது போக மிஞ்சும் ரப்பர் துண்டுகளை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம், சூப்பர்வைசர் சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டைக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது.

பட்டறையில் கேட்க அரைமணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் வாசலிலேயே நின்றேன். மெக்கானிக் ஆ செங் அங்கிள் கடைசியில் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என்னா? வேலைக்கு வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"அங்கிள், கேபின்ல ரப்பர் ஒட்டலாமா?"

"சத்தமா பேசு லா. உங்கப்பா காது இல்லாம நின்னாரு, நீ வாய் இல்லாம நிக்கிற."

மறுபடி சொன்னேன். "ஒட்டு, ஒட்டு. எஞ்சின் பக்கத்துல மட்டும் ஒட்டாத. கருகிப் போவும்" என்றார்.

முதலில் நான் செய்தது தப்பு. சத்தம் தலைக்கு மேலேதான் இருக்கிறது என்று நினைத்து, நம் பழைய மெத்தையை வெட்டிக் கூரை முழுக்க ஒட்டினேன். அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "மழ சத்தம் நல்லா கொறஞ்சிருக்கு பாப்பா. என்னா ஒண்ணு, இன்னிக்கு மழ பெய்யல" என்றான்.

அடுத்த ஞாயிறு கேபினுக்குள் தனியாக உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதுதான் காலடியில் வெளிச்சம் தெரிந்தது. கியர் கம்பி வரும் நீள ஓட்டை, பிரேக், கிளட்ச் வரும் ஓட்டைகள், முன்தகரத்தில் வயர் போக விட்ட துளைகள். அண்ணனை எஞ்சினைப் போடச் சொல்லி, அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் மூடிப் பார்த்தேன். மூடும்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் இறங்கியது. வெளிச்சம் வந்த வழியாகத்தான் சத்தமும் வந்துகொண்டிருந்தது.

கம்பி அசைய இடம் விட்டு, ரப்பரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஓட்டைகளை மூடினேன். தரையில் கனமான ரப்பரை இரண்டு அடுக்காகப் போட்டோம். சும்மா தட்டினாலே அதிர்கிற பக்கத் தகரங்களிலும் ஒட்டினேன். வெறும் குடத்தைத் தட்டுவதற்கும் நீர் நிறைந்த குடத்தைத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் வந்தது. எங்கள் தொழிற்சாலையில் பெரிய மெஷின்கள் ரப்பர் கட்டைமேல்தான் நிற்கும். அதை ஆ செங் அங்கிளிடம் சொன்னேன். அவர் போல்ட்டைத் தளர்த்தி நான்கு தூண்களின் அடியிலும் ரப்பர் வைத்துத் திரும்ப முடுக்கினார்.

தூண்களையும் விடவில்லை. இடது பக்கப் பின்தூணில், சீட்டுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. அதற்கென்று இருப்பதிலேயே நல்ல துண்டாகத் தேடி எடுத்து ஒட்டினேன்.

எஞ்சினைப் போட்டுக் கதவைச் சாத்தினோம். அண்ணன் எப்போதும்போலப் பாட ஆரம்பித்தான். இரண்டு வரியில் நிறுத்தினான்.

"ஐயோ, இவ்ளோ மோசமாவா பாடுறேன்? இத்தன நாளா ஏன் யாரும் சொல்லல?"

அன்று நான் சிரித்ததைப் பார்க்க நீங்கள் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் லெட்சுமி அக்கா வீட்டுக்கு வந்தார். உங்களோடு பத்து வருடம் குலை ஏற்றியவர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சள் அப்பியிருந்தது. செம்பனை முள் குத்திய இடங்கள்.

குலை ஏற்றுகிறவர்கள் கத்திக் கூப்பிடுவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் இருக்கும் கம்பியால் டிரெய்லரில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு தட்டு என்றால் நில். அந்தத் தட்டு இரும்பு வழியாகவே ஓடி ஓட்டுகிறவரிடம் வந்துவிடும். நான் தூணுக்கெல்லாம் ரப்பர் வைத்ததில் அந்த வழி அடைபட்டுவிட்டது. அன்று காலையிலிருந்தே தட்டு தெரியாமல் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறான். ஒரு குலை சரிவதைப் பார்த்து அக்கா டிரெய்லரின் முன்பக்கம் ஏறி, ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. அண்ணன் வண்டியை எடுத்துவிட்டான். அக்கா குலைகளின்மேல் விழுந்தார். பின்பக்கமாக விழுந்ததால் முள்ளோடு போனது. முன்பக்கம் விழுந்திருந்தால் சக்கரம்.

"வா லா, எஞ்சினியர் அம்மா" என்றார் என்னைப் பார்த்து. "அண்ணனுக்கு மெத்த வீடு கட்டிக் குடுத்திட்ட. எங்களுக்கு ஒரு பாடையும் சேத்துக் கட்டியிருக்கலாம்ல?"

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டாராம், காலையில் அந்த ரப்பரோடு வண்டி நகரக் கூடாது என்று.

"இப்பவே போயி எல்லாத்தையும் பிச்சி எறிஞ்சிர்றேன்" என்று அண்ணன் எழுந்தான். அக்கா பாதி தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்சம் தணிந்து, அம்மாவிடம் சொன்னார்.

"இவங்கப்பாவுக்கு இடி இடிச்சாக் கேக்காது. ஆனா நான் ஒரு தட்டு தட்டுனா அடுத்த சுத்து சக்கரம் சுத்தாது. அந்த மனுசன் எதாலதான் கேட்டாரோ. ஒரு கை ஸ்டேரிங்ல, ஒரு கை பின்னால தூண்ல. ராசா மாதிரி ஒக்காந்திருப்பாரு."

எதால் கேட்டீர்கள் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது அப்பா. அந்தப் பளபளப்பு எதனால் வந்தது என்பதும், அதன்மேல் நான் எதை ஒட்டினேன் என்பதும்.

"பிய்க்க வேணாம் அண்ணே" என்றேன். அண்ணன் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்த்தான். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அண்ணனும் அக்காவும் நானும் பட்டறைக்குப் போனோம். ஆ செங் அங்கிள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே திறந்தார். இடது பின்தூணின் அடியிலிருந்த ரப்பரை மட்டும் எடுத்துவிட்டு, இரும்போடு இரும்பாக முடுக்கினார். தூணில் நான் ஒட்டிய நல்ல துண்டை நானே உரித்தேன். பசையைச் சுரண்டித் துடைத்தேன். மற்ற மூன்று தூண்களின் ரப்பர் அப்படியே இருந்தது.

எஞ்சினைப் போட்டோம். சத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, உண்மைதான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தூணில் அந்த இடத்தில் வைத்தான். அவன் கை அதில் சரியாகப் பொருந்தியது. பின்னால் போன லெட்சுமி அக்கா ஒரு தட்டுத் தட்டினார். அவன் ஒரு விரலைத் தூக்கினான். இரண்டு தட்டு. இரண்டு விரல். அக்கா டிரெய்லரின் மறுகோடிக்குப் போய்த் தட்டினார், லேசாகத் தட்டினார், சும்மா நின்று ஏமாற்றிப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசியில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு முன்னால் வந்தார். "மூணுக்கு என்னா?"

"வீட்டுக்குப் போய் ஒல வைங்க அக்கான்னு அர்த்தம்" என்றான் அண்ணன். அன்று முழுக்க அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை.

காலையில் மண்டோர் வந்து நின்று, லெட்சுமி அக்காவைத் தட்டச் சொல்லி, வண்டி நிற்பதையும் போவதையும் நான்கைந்து தடவை பார்த்தார். "ம்" என்றார். வண்டி போனது. அக்கா கையில் கட்டோடு பின்னால் நடந்து போனார். இன்றுவரை அந்தக் கேபின் அப்படித்தான் ஓடுகிறது.

அண்ணனுக்குப் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இப்போது இரண்டாம் தடவையில் பதில் சொல்கிறான். சில நாள் முதல் தடவையிலேயே. போன ஞாயிறு கேபினுக்குள் அவன் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து ஆற்றுப் பக்கம் வரை போனேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் சாதாரணக் குரலில், "அண்ணே, அங்க பாரு, கொக்கு" என்றேன். அவன் பார்த்தான்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை நிறுத்திய அன்று, நீங்கள் வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அப்போதே உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, பாதி நாள்தான் வேலைக்குப் போனீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து நான் பள்ளிக்கூடம் போகலப்பா, எனக்கு அழுகையா வருது" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். நீங்கள் அன்று சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. ஈரக் கையைச் சட்டையில் அரைகுறையாகத் துடைத்துவிட்டு என் முதுகில் வைத்தீர்கள். நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்; கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் சும்மா கை வைத்திருக்கிறீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கேட்டீர்களா அப்பா?

அந்தத் தூணுக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பட்டறையில் பேச்சு. மற்ற இடமெல்லாம் அடித்துக்கொள்ளட்டும். உங்கள் உள்ளங்கை அளவு இடத்தை நான் விட மாட்டேன். சத்தம் போட்டாவது தடுப்பேன், இது சத்தியம்.

முதுகில் அந்தக் கையின் ஈரம் இன்னும் காயாத உங்கள் சின்ன மகள்,
அமுதா