புலிக்கு ஒரு மூளை

12-11-78, ஞாயிறு

காசிநாதனின் கடிதம் வந்தது. அக்காள் மகன், அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வருகிறான். நான் செய்யப்போகிற இயந்திரத்துக்கு மற்றச் சாமான்களெல்லாம் சென்னையிலேயே கிடைக்குமாம். அதன் மூளையான மைக்ரோபிராசசர் மட்டும் சட்டைப்பையில் ஒன்று கொண்டுவருவானாம், ஒன்றே ஒன்று. 8080 வேண்டுமா, இஸட்-80 வேண்டுமா என்று டிசம்பர் பிறந்ததும் நான் எழுதிவிட வேண்டும்.

அவன் இஸட்-80 என்கிறான். எனக்கு 8080தான். அதன் புத்தகத்தைச் சென்னை நூலகத்தில் உட்கார்ந்து கையாலேயே எழுதி எடுத்தவன் நான். எட்டாவதோடு தறியில் உட்கார வைத்தார்கள். ரேடியோ வேலையும் இங்கிலீஷும் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 8080-க்கு மூன்று விதமான வோல்ட் வேண்டும். மூன்றையும் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரை நானே சுற்றி, பெட்டியில் பூட்டித் தயாராக வைத்திருக்கிறேன். இவன் என்னடாவென்றால், "மாமா, இதற்கு ஐந்து வோல்ட் ஒன்றே போதும்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டான். அப்படியானால் நான் சுற்றியது?

கடிதத்தோடு படம் வைத்திருந்தான். தில்லையம்மாள் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, மரவட்டை மாதிரி இருக்குது?"

கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால். மறுக்க முடியவில்லை.

"இது இன்னா பண்ணும்?"

"ஆடு புலி ஆட்டம் ஆடும்."

"அவ்ளோதானா?"

"டிரான்ஸ்பார்மர் கணக்கு போடும். தேதி சொன்னா கெழமை சொல்லும். நாம எழுதிக் குடுக்கறத எல்லாம் செய்யும்."

"அதெல்லாம் நீங்களே வாயால போடறீங்களே. ஆட்டத்துக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

படத்தை வாங்கி உறைக்குள் வைத்தேன்.

15-11-78

மழை. கடைக்கு ஒரு ரேடியோவும் வரவில்லை. திரும்பும்போது சர்வதீர்த்தக் குளக்கரை மண்டபத்தில் ஒதுங்கினேன். கல் தரையில் செதுக்கிய ஆட்டக் கட்டம் அப்படியே இருக்கிறது. கோடுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன்?

19-11-78, ஞாயிறு

இயந்திரத்துக்கான கட்டளைகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன். இருபத்துமூன்று இடம், மூன்று புலி, பதினைந்து ஆடு. எது எங்கே போகலாம், புலி எப்போது தாண்டி வெட்டலாம், எப்போது அடைபட்டுத் தோற்கும் – எல்லாம் எழுதியாயிற்று. ஆட்டை நான் வைப்பேன், புலியை அது ஆட வேண்டும். அந்தப் புலிதான் வரமாட்டேன் என்கிறது.

வெட்ட முடிந்தால் வெட்டு என்று எழுதிப் பார்த்தேன். தாளிலேயே ஆடிப் பார்த்ததில் பத்தாவது ஆட்டிலேயே மாட்டிக்கொண்டது. அது புலியில்லை, பூனை. என்னோடு முன்பு ஆடிய ஆதிகேசவனின் புலி வாய்க்கு நேரே நிற்கிற ஆட்டை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய் நிற்கும். ஏன் அங்கே போனது என்று எனக்கு நாலு நகர்த்தல் கழித்துத்தான் உறைக்கும். எதிரே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் பார்த்தேன். ஒரு நாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

21-11-78

எழுதித் தொலைத்துவிடுகிறேன். ஆதிகேசவன் ஓரிக்கைக்காரன், விவசாயி. ஞாயிறு மத்தியானம் அந்தக் குளக்கரை மண்டபத்துக்குச் சைக்கிளில் வருவான், காய்க்குப் புளியங்கொட்டை மடியில் இருக்கும். காய் வைக்கும்போதெல்லாம் மூக்காலேயே ஏதோ ஒரு பாட்டு. என்ன பாட்டென்று கடைசிவரை தெரியாது.

எங்கள் பிள்ளையார்பாளையத்து வழக்கம், ஆட்டை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஓரிக்கை வழக்கம், பதினைந்தையும் இறக்கிய பிறகுதான் நகர்த்தலாம். என்னோடு எங்கள் வழக்கப்படியேதான் ஆடிவந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தோற்றதும், நாலு பேர் முன்னால், "இது அழுகுணி ஆட்டம்பா" என்றுவிட்டான்.

நானா அழுகுணி? என்னையா? எழுந்து வந்துவிட்டேன். அவன் வந்து தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. வராமலே போகட்டும். அவன் இல்லாமல் ஆடத்தான் இந்த இயந்திரம்.

அந்தப் பாட்டு மட்டும் நினைவுக்கு வந்துக்கினே இருக்குது.

26-11-78, ஞாயிறு

கடை பாதி மூடியிருந்தது. ஆதிகேசவன் மனைவி பொன்னியம்மாள், துணிப்பையில் ரேடியோவோடு.

"அண்ணே, பாட்டும் இல்ல, நியூசும் இல்ல. அவருக்குத் தெரியாம எடுத்துக்கினு வந்தேன்."

"ஏம்மா, ஊர்ல வேற கடையே இல்லியா?"

"இருக்குது. உங்ககிட்டதான் வரணும்னு தோணிச்சு. ரேடியோ இல்லன்னா மத்தியானம் பூரா காயைப் பரப்பிக்கினு குந்திக்கினு இருக்காரு. ஆடும் அவரே, புலியும் அவரே. பாக்க சகிக்கல அண்ணே."

யார் ஜெயிக்கிறது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எப்பவும் புலிதான். ஆடு வெக்கத் தெரியலியே அந்த மனுசனுக்கு!" சிரித்தாள்.

28-11-78

ரேடியோவின் டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. பம்பு செட் லைனில் கரண்ட் ஏறி இறங்கியிருக்கும். அந்த அளவில் ஊரில் கிடைக்கவில்லை. அலமாரியில் என் பெட்டி இருக்கிறது. ஆனால் அது 8080-க்கு.

29-11-78

பெட்டியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

1-12-78, வெள்ளி

பெட்டியிலிருந்து கழற்றி ரேடியோவுக்குப் போட்டுவிட்டேன். என் டிரான்ஸ்பார்மரின் பன்னிரண்டு வோல்ட்டை ஒன்பதாக இறக்கிக் கொடுத்தேன். உள்ளே அடங்கவில்லை, தனித் தகரப் பெட்டி செய்து பின்னால் பூட்டினேன். துளி இரைச்சல் இல்லாமல் பாடுகிறது. என் சுற்று அப்படி.

3-12-78, ஞாயிறு

கடையில் இடத்தை அடைக்கிறதே என்று நானே சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றிருந்தான். தலை முழுவதும் வெளுத்துவிட்டது.

"வாய்யா சம்பந்தம். அமெரிக்காலேர்ந்து புலி வருதாமே உனக்கு?"

"உனக்கு யாரு சொன்னது?"

"உன் ஊட்டுக்காரம்மா சந்தையில சொல்லிச்சாம். அந்தப் புலி எந்த வழக்கம் ஆடும்? உன் தெரு வழக்கமா, எங்க ஊரு வழக்கமா?"

"ஒரு சுவிட்ச் வெக்கப் போறேன். மேல தள்ளினா பிள்ளையார்பாளையம், கீழ தள்ளினா ஓரிக்கை."

அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு யோசனையே எனக்கு இருந்ததில்லை. எப்படி வாயில் வந்தது?

ரேடியோவின் பின்னால் இருந்த தகரப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு, "மேல் பக்கம் அழுகுணின்னு பெயிண்ட்ல எழுதிடு" என்றான்.

ரேடியோவை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். பொன்னியம்மாள் உள்ளேயிருந்து அவனைத் திட்டுவது கேட்டது. பின்னாலிருந்து அவன் குரல்: "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போய்யா. உன் வழக்கமே ஆடு."

உட்கார்ந்தேன். மூன்று ஆடு போயிற்று, பிறகு மூன்று புலியையும் அடைத்தேன். பதினைந்தையும் இறக்கும்வரை நான் ஒன்றையும் நகர்த்தவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவன் கவனித்தானா தெரியாது. மூக்கால் பாடிக்கொண்டிருந்தான்.

4-12-78

காசிநாதனுக்கு எழுதிப் போட்டேன்: இஸட்-80. அவன் சொன்னான் என்பதற்காக இல்லை. மூன்று வித வோல்ட் டிரான்ஸ்பார்மர் இப்போது ஓரிக்கையில் இருக்கிறது. இன்னொன்று சுற்றலாம், கம்பி மிச்சமிருக்கிறது. சுற்றப் போவதில்லை. 8080-க்கு என்று நான் எழுதிய கட்டளை அத்தனையும் இதற்கும் புரியுமாம். அதனால் ஒன்றும் வீணில்லை. ஐந்து வோல்ட்டுக்கு மட்டும் சின்னதாக ஒன்று சுற்ற வேண்டும்.

21-1-79, ஞாயிறு

காசிநாதன் வந்து கொடுத்துவிட்டு அமெரிக்கா திரும்பினான். "ஒரு வழியா என் பேச்ச கேட்டீங்களே மாமா" என்றான். இல்லை என்று விளக்கிச் சொன்னேன். மரவட்டை கறுப்புப் பஞ்சில் கால்களை ஊன்றிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியில் கிடக்கிறது.

"எப்பங்க ஆடும் அது?" என்று தில்லையம்மாள் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை குந்தி செஞ்சாத்தானே."

"ஞாயித்துக்கெழமையிலதான் ஓரிக்கைக்குப் போயிடறீங்களே!"

புலியைப் பற்றி விசாரிக்கத்தான் போகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

இன்றைக்கும் சண்டை. ஆதிகேசவன் இதுவரை தப்பு என்று சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை. இயந்திரத்தின் முன்பலகைக்குத் தகரம் வெட்டி வைத்திருக்கிறேன். அதில் இதுவரை ஒரே ஒரு துளைதான் போட்டாயிற்று, அந்தச் சுவிட்சுக்கு.