சட்டைக் காலரில் இருந்த மாவு

மார்ச் 4
இன்று பூச்சி ஒழிப்பு கம்பெனி லேபில் எனக்குப் பதினோரு பொட்டலம். கட்டில், அலமாரி அடியில் கொட்டும் தூளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். லென்ஸில் பார்த்து, எதனால் வந்தது என்று நான் எழுத வேண்டும். குருணையாக இருந்தால் கறையான். விரலில் ஒட்டும் மாவானால் வண்டு. சிம்பு சிம்பாக இருந்தால் ரம்பம் அறுத்தது, பயமில்லை. கண் எரிகிறது.

மார்ச் 7
வீட்டுக்கு வந்தாலும் தூசிதான். ஊறவைக்கும் முன் இவர் சட்டையை உதறினேன். காலர் மடிப்பில் மாவு. உப்புத்தாள் மெஷினில் மரத்தைத் தேய்த்தால் வருகிற மாவு. ஜனவரியில் டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டி, "இனி அந்த மெஷின் பக்கமே போகாதீங்க" என்றாரே? மேஜை நாற்காலி செய்யும் அதே கம்பெனியில் பேக்கிங்குக்கு மாறிவிட்டதாக இவர் சொல்லி ஆறு வாரம். அங்கே வெறும் அட்டைப்பெட்டிதானே?

மார்ச் 8
கேட்டே விட்டேன். "பக்கத்து செக்‌ஷன்லேர்ந்து காத்துல வருதுடி. போலீஸ்காரியைக் கட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்." சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 15
இந்த வாரம் முழுக்க இவர் சட்டையில் அட்டைத் தூசி. பழுப்பாக, நார் நாராக. அப்பாடா! வீணாக மனுஷனைச் சந்தேகப்பட்டு —

மார்ச் 19
இருமல் குறையவில்லை. மாடிப்படியில் இரண்டு தடவை நின்றார்.

மார்ச் 22
அட்டைத் தூசி தோளிலும் மார்பிலும் மட்டும். தையலுக்குள் ஒரு நார்கூட இல்லை. நாளெல்லாம் பெட்டி தூக்கினவர் சட்டை இப்படியா இருக்கும்? இது மேலே தூவினது. காலரைத் துடைத்திருக்கிறார்; பொத்தான் துளையில் அதே மாவு. அடப்பாவி மனுஷா! என்னை ஏமாற்ற உட்கார்ந்து அட்டையைச் சுரண்டியிருக்கிறார். கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

சட்டையை அவர் மடியில் போட்டேன்.

"மேஜை மேல கை வெச்சா வழுக்கணும். மத்தவனுங்களுக்கு அந்தப் பதம் வரலடி. மேஸ்திரி மெஷினுக்கே திரும்பக் கூப்பிட்டாரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"என்கிட்ட பொய் சொல்ல மட்டும் வந்துச்சா?"

பதில் சொல்ல ஆரம்பித்தார். இருமல் விடவில்லை. திட்டிக்கொண்டே முதுகைத் தடவினேன்.

மார்ச் 24
லீவு போட்டேன். "நானே வந்து மேஸ்திரிகிட்ட பேசறேன்" என்றேன். வேறு நாளாக இருந்தால் மானம் போச்சு என்று குதித்திருப்பார். இன்று செருப்பை மாட்டிக்கொண்டு, நான் பூட்டிவிட்டு வரும்வரை வாசலில் நின்றார்.