மூன்று முறை துவைத்த சட்டை

ஜூன் 4

என் அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபித்திருப்பாய். அவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். இதைப் பள்ளி அலுவலகத்தில், சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேரிடர் முன்னெச்சரிக்கை என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்ப வீட்டுக்கு ஒரு பை வேண்டுமாம். மருந்து, பிஸ்கட் எல்லாம் விவரமாக இருக்கிறது. துணி பற்றி ஒரே வரி. இருபத்தாறு வருடமாகத் துணியைக் கிழித்தும் தேய்த்தும் சோதித்துச் சம்பளம் வாங்குகிற அக்கா இருக்க எனக்கென்ன கவலை? எனக்கும் வாண்டுவுக்கும் எதை எடுத்து வைக்கட்டும்? சீக்கிரம் காய வேண்டும், கிழியக் கூடாது, நெடுந்தூரம் நடக்கத் தோதாக வேண்டும். புதிதாகத் தெரியக் கூடாது. சரசரக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

பதிலைப் பள்ளி முகவரிக்கே போடு. வீட்டுத் தபால்பெட்டிச் சாவி அவரிடம் இருக்கிறது.

உன்,
குட்டி

*

ஜூன் 11

அன்புள்ள குட்டி,

ஜீன்ஸ் வேண்டாம். உறுதியானது என்று எல்லாரும் நம்புகிறார்கள். நனைந்தால் காலில் கல்லைக் கட்டியது போல் இழுக்கும், காய ஒன்றரை நாள் ஆகும். பாலியஸ்டர் கலந்த பருத்திக் கால்சட்டை, ஆளுக்கு இரண்டு. ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய சட்டைகள் மேல். காலுறை கம்பளியில் இருக்கட்டும், ஈரமானாலும் சூடு தரும். ஒட்டுப்பட்டை வைத்தது வேண்டாம், பிரிக்கும்போது சர்ரென்று கத்தும். பொத்தான் போதும். ஷூ, போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். புதுசு என்றால் அரை மணி நேரத்தில் குதிகாலைக் கடித்துவிடும்.

இனி என் சந்தேகம். உங்கள் வீட்டு வாசலுக்கு வர நாற்பத்திரண்டு படி ஏறி மூச்சு வாங்கியவள் நான். வெள்ளம் அத்தனையும் ஏறுமா? ஏறினாலும் வெள்ளத்துக்குக் காது கிடையாது, துணி சரசரத்தால் அதற்கென்ன? பையும் இரண்டு பேருக்குத்தான் கேட்கிறாய். உன் வீட்டுக்காரர் நீந்திப் போகப் போகிறாரா?

பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் அளவுகளை மட்டும் அனுப்பு.

அக்கா

*

ஜூன் 19

சந்தேக சாம்ராஜ்யத்தின் மகாராணிக்கு,

ஒரு பை கேட்டால் குறுக்கு விசாரணையா? நீ மாறவே மாட்டாய். கல்யாணத்துக்கு முன் அவர் போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள்தானே. உங்கள் பரிசோதனைக் கூடத்தில் தேறாத துணிக்கு, யாரும் தவறி எடுத்துவிடாமல் இருக்க, மூன்று சிவப்புத் தையல் போடுவீர்கள் அல்லவா? "என்னக்கா, இவருக்கும் சிவப்பு நூல் போடப் போறியா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "போட்டுடலாம்னுதான் தோணுது" என்றாய். எட்டு வருடமாக மனசுக்குள் அதற்காக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு இந்த முன்னெச்சரிக்கையில் எல்லாம் நம்பிக்கை இல்லை. அதனால்தான் இரண்டு பேருக்கு. மற்றபடி ஒழுங்கான மனிதர். தூசி வரக் கூடாதென்று எங்கள் செருப்புகளைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எடுத்துத் தருவார். வாண்டு நேற்றுக் கேட்கிறாள்: "அம்மா, செருப்பு என்ன தப்பு பண்ணுச்சு?" சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

என் ஷூ அளவு உன்னுடையதேதான். வாண்டுவுக்கு ஏழு வயதுக்கு உள்ளது, கொஞ்சம் பெரிதாக.

குட்டி

*

ஜூலை 10

அன்புள்ள குட்டி,

பார்சல் பள்ளிக்கு வரும். எல்லாவற்றையும் மூன்று முறை துவைத்துவிட்டேன். கடை மடிப்பும் வாசனையும் போய்விட்டன. சாம்பல், பழுப்பு, ஒரு நீலச் சட்டை. பார்க்கிறவர்களுக்குப் பழைய துணி மூட்டை என்றுதான் தோன்றும். உன் ஷூவைப் பதினைந்து நாள் நானே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். "என்ன மேடம், ஓட்டப் பந்தயமா?" என்று காவலாளி கேலி செய்தார். இனி கடிக்காது.

எதற்கென்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறேன். எதற்கென்று நீயும் கேட்காதே.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய துணிகள் தேவைப்படவில்லை. பேரிடர் ஏற்பாடுகளைப் பள்ளியில் கைவிட்டுவிட்டார்கள். பையை அவர்தான் பார்த்தார். பழைய துணி என்றுதான் முதலில் நினைத்தார். சட்டைப் பையில் தங்கள் கூடத்தின் சோதனைச் சீட்டு, தேதியோடு இருந்தது. தாங்கள் எங்களுக்காக எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரே தன் கையால் எல்லாவற்றையும் கட்டித் திருப்பி அனுப்புகிறார். நீலச் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது, அதை மட்டும் நான் தைத்தேன்.

இனிப் பள்ளிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். வீட்டு முகவரிக்கே எழுதவும். மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

துணிகள் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை மிக நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார். தங்கையின் தையலையும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஏற்பாடுகள் கைவிடப்பட்டதும் நல்லதுதான், எனக்கும் அதிகப்படி வேலை. இந்த மாதம் முழுவதும் கடிதம் எழுத நேரமிருக்காது. தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 12, காலை 11.20
தலைமை ஆசிரியையின் கையில் கொடுத்தனுப்புவது

குட்டி,

பதறாதே. நான் பக்கத்து அறையில், தலைமை ஆசிரியையின் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் நான் பாதி சொன்னேன், மீதியை அவரே சொன்னார். "இவ வீட்டுக்காரர் தினமும் மூணு மணிக்கே கேட்ல வந்து நின்னுடுவாருங்க. இவ கேட்டைப் பாத்துக்கிட்டேதான் வேலை செய்வா" என்றார்.

அந்தச் சீட்டு என் தப்பு. மூன்று முறை துவைத்துப் பழசாக்கிய சட்டையின் பையில், தேதியும் முத்திரையும் போட்ட சீட்டை நானே மடித்து வைத்திருக்கிறேன். தேறிய துணிக்கெல்லாம் அப்படி வைத்து வைத்து, கை தானாகச் செய்துவிட்டது. அதற்கு உன்னை என்ன பாடுபடுத்தினார் என்று நீயாகச் சொல்கிறபோது கேட்டுக்கொள்கிறேன்.

நீலச் சட்டையில் எந்தப் பொத்தானும் தளர்ந்திருக்கவில்லை. காலரின் உட்புறம் மூன்று சிவப்புத் தையல் இருந்தது. சட்டையை வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பிறந்ததிலிருந்து நீ என்னை நீங்கள் என்று சொன்னதே இல்லை. தேறாதது கடிதம்தான் என்று புரிந்தது.

அந்த போட்டோ பேச்சை நான் எடுக்க மாட்டேன். இன்றைக்கு மட்டுமில்லை, எப்போதுமே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது.

பை என்னிடம் இருக்கிறது. வாண்டுவை வகுப்பிலிருந்து அழைத்துவர ஆயா போயிருக்கிறார். பன்னிரண்டரைக்கு ரயில். உன் ஷூ என் காலில்தான் இருக்கிறது. வந்ததும் கழற்றித் தருகிறேன், உன் செருப்பை எனக்குக் கொடு.

வா.

அக்கா