முப்பத்தொரு கிராம் குறைவு

நாள் 212, காலை 09:40
செவ்வாய், அரசு மருத்துவக் கஞ்சாப் பண்ணை. பொறுப்பு அலுவலர் ஞானதிரவியம். காற்று, நீர், வெப்பம் மூன்றும் சரி. பணியாளர்: ஒருவர்.

குடியிருப்பிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளித்தான் கஞ்சா வளர்க்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் இங்கே தனியாக இருக்கிறேன். உலர்த்திய பூவை இன்று எடை போட்டேன். 1,240 கிராம் இருக்க வேண்டும். 1,209 தான் இருக்கிறது.

குறைவைப் பதிய இரண்டு கட்டங்கள் உண்டு: 'உலர்ந்து குறைந்தது', 'கணக்கில் வராதது'. இரண்டாவதில் எழுதினேன். இருபது வருடம் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் இருந்தவன் நான். விளக்கம் கிடைக்கும்வரை குறைந்ததெல்லாம் எனக்குத் திருட்டுதான்.

09:41
மருந்து அறை, உள்ளே இருக்கும் பூவோடும் எண்ணெயோடும், தானாகப் பூட்டிக்கொண்டது. விதி 17: கணக்கில் வராத குறைவு பதிவானால் அறை பூட்டப்படும். பூமியிலிருந்து மேலதிகாரி அனுமதித்தால்தான் திறக்கும். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அங்கே இன்று மாட்டுப் பொங்கல் விடுமுறையாம். நாளை முதல் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். பதினைந்து நாள் தொடர்பு கிடையாது. இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நாள் 213, காலை 08:00
குடியிருப்பின் வானொலியில் பூங்கோதை. தினமும் எட்டு மணிக்கு அவள்தான் கூப்பிடுவாள்.

"என்ன ஆபீசர் சார், கதவு உங்களையே வெளிய தள்ளிருச்சாமே? திருடனைப் பிடிக்கணும்னா கண்ணாடியப் பாருங்க. அங்க வேற ஆளே இல்லையே!"

கடுப்பாகிவிட்டது. நாலு வார்த்தை திட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளை விட்டால் என்னோடு பேச யாரும் இல்லை.

சுரங்க விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவளுக்கு வலிப்பு. கஞ்சா எண்ணெய்க்கு மட்டுமே அடங்கும். கையில் ஒன்பது நாளுக்கு இருக்கிறது. அடுத்த குப்பி, அவள் பெயர் ஒட்டி, பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

நாள் 217, மாலை 16:25
காரணம் கிடைத்துவிட்டது. உலர்த்தும் அறையின் மின்விசிறி இரண்டு நாள் கூடுதலாக ஓடியிருக்கிறது. காணாமல் போன 31 கிராமும் வெறும் ஈரம். அட கடவுளே!

பதிவைத் திருத்தப் போனேன். 'பூட்டிய பின் திருத்த மேலதிகாரி அனுமதி தேவை' என்கிறது கணினி. அந்த வரியை எழுதிய குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். டீ குடித்துக்கொண்டே கைதூக்கினேன்.

புதிய நாற்றுகளுக்கு மூன்று வாரம்தான் வயது. பூவே இல்லை. அதில் ஒன்றும் எடுக்க முடியாது.

நாள் 222, காலை 08:00
"நேத்தோட எண்ணெய் முடிஞ்சுபோச்சு சார். டாக்டர் பழைய மாத்திரையையே குடுத்திருக்காங்க. அது முன்னாடியே கேக்கல. பயமாத்தான் இருக்கு. நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

எனக்குப் பேச வராது. கையில் இருந்தது விதிப் புத்தகம். அதையே வாசித்தேன். விதி ஆறில் சிரிக்க ஆரம்பித்தவள் விதி ஒன்பதுவரை நிறுத்தவில்லை. இத்தனை வருடத்தில் நான் யாரையும் சிரிக்கவைத்ததாக ஞாபகம் இல்லை.

நாள் 224, மதியம் 13:15
காலையில் அவளுக்கு இரண்டு முறை வலிப்பு. கடப்பாரையோடு கதவு முன்னால் நிற்கிறேன். கதவையோ சுவரையோ உடைத்தால், திருடு போகாதிருக்க வைத்த எரிப்பான் உள்ளே இருக்கும் அத்தனையையும் எரித்துவிடும். நொடியில் எரியாது, ஒரு நிமிடம் ஆகும். ஓடிப்போய் ஒரு குப்பியை எடுத்துவிடலாம், எடுக்க முடியாமலும் போகலாம். வானொலியில் அவளிடம் சொன்னேன்.

"வேண்டாம் சார். இன்னும் ஒம்பது பேரு புற்றுநோய்ல கெடக்காங்க. அவங்க வலிக்கும் அதுதான மருந்து? கடப்பாரையக் கீழ போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

நாக்கு குழறியது அவளுக்கு. கீழே போட்டேன்.

13:50
யார் இதைப் படித்தாலும் சரி, உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த ஒன்பது பேருக்காக மட்டும் நான் கடப்பாரையைக் கீழே போடவில்லை. விதியை மீற எனக்குக் கை வரவில்லை. அவள் 'வேண்டாம்' என்றதும் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

நாள் 226, காலை 08:00
அழைப்பு இல்லை.

08:20
நானே கூப்பிட்டேன். இல்லை.

08:45
இல்லை.

11:05
"சார், டாக்டர் ரோஸ்லின் பேசுறேன். விடியக்காலைல ஆரம்பிச்ச வலிப்பு நிக்கவே இல்ல. எல்லாம் செஞ்சு பாத்துட்டோம். பூங்கோதை போயிட்டா சார்... சார், லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன்.

நாள் 227
எட்டு மணிக்கு வானொலி முன்னால் உட்கார்ந்தேன். பத்தரைக்கு எழுந்தேன். வேறு பதிவு இல்லை.

நாள் 228, மதியம் 14:10
பூமித் தொடர்பு வந்தது.

"தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. 31 கிராம், உலர்தலுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் அடங்கும். முதல் கட்டத்தில் பதிந்திருந்தால் பூட்டும் நிலையே எழுந்திருக்காது. அறை திறக்கப்படுகிறது. இனி கவனமாக இருக்கவும்."

கதவு திறந்துகொண்டது. ஒன்பது பேரின் குப்பிகளையும் வண்டியில் ஏற்றினேன். பத்தாவதைக் கையிலேயே வைத்திருக்கிறேன். அரை உள்ளங்கை அளவுதான் இருக்கிறது.

14:40
வழங்கப்படாத மருந்துக்குப் படிவம் நிரப்ப வேண்டும். நோயாளி பெயர்: பூங்கோதை. வயது: 34. வழங்காததற்குக் காரணம்:

என் பெயரை எழுதினேன்.

14:41
கணினி ஏற்கவில்லை. பட்டியலில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பதினொன்று இருக்கின்றன.

14:55
மறுபடி என் பெயர். ஏற்கவில்லை.

15:20
ஞானதிரவியம். ஏற்கவில்லை.

15:21
ஞானதிர